நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே நடுங்கும் இளைஞர்களுக்குக் காடு, மலை என்று சுற்றுவது உதவுமா?

உதவும். ஆனால் தனியாகச் சுற்றியபோது எனக்குக் கிடைத்தது வேறு, ஆட்களோடு போனபோது கிடைத்தது வேறு.

அப்பாவின் வேலைக்காகப் பதினாறு வயதில் மதுரையிலிருந்து மொரீஷியஸ் வந்தேன். இங்கே தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் பெரும்பாலும் கிரியோலில்தான், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியில்தான், பேசிக்கொள்வார்கள். தமிழ், கோயிலோடு சரி. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று பள்ளி கேன்டீன் பக்கமே போகமாட்டேன். தால் பூரி வாங்கக்கூட மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்ப்பேன்.

சனிக்கிழமைகளில் லெ பூஸ் மலை ஏறுவேன். உயரம் 812 மீட்டர். பெயருக்குக் கட்டைவிரல் என்று அர்த்தம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். உச்சியிலிருந்து தலைநகர் போர்ட் லூயிஸைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, 'அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ' என்று மனசு திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்பது நின்றிருக்கும். 2015இல் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றிலும், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு இந்த மன அரைப்பு குறைந்தது. வண்டிகள் ஓடும் சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. மொத்தமே 38 பேர், அதுவும் மனநலச் சிக்கல் இல்லாதவர்கள். அதனால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது.

எப்படியும் திங்கட்கிழமை அதே கேன்டீன், அதே நடுக்கம். ஆட்களைத் தவிர்க்க மலை எனக்கு வசதியான சாக்காகிவிட்டது. தவிர்க்கத் தவிர்க்க இந்தப் பயம் வளரும்.

அப்புறம் ஒரு மே மாதம், பக்கத்து வீட்டு அக்கா சீனக் கொய்யா பறிக்க பிளேன் ஷாம்பாய்ன் பக்கம் இழுத்துப் போனார். கூட ஏழெட்டுப் பேர், எல்லாம் என் வயது. சின்னச் சின்னச் சிவப்புப் பழம், உப்பு மிளகாய் தொட்டுத் தின்பார்கள். எல்லோர் கண்ணும் புதரில். என் முகத்தைப் பார்க்க ஆளில்லை. கைக்கும் வேலை இருந்தது. யாரோ "திசெல் பிமா?" என்று கேட்டார்கள். உப்பு மிளகாய் இருக்கிறதா என்று அர்த்தம். "எனா" என்றேன், இருக்கிறது என்று. ஒத்திகை பார்க்காமல் சொன்ன முதல் கிரியோல் சொல் அதுதான்.

அதனால் ஒன்றிரண்டு பேரோடு, கைக்கு வேலை தரும் இடமாகப் பார்த்துப் போங்கள். பள்ளியே போக முடியாத அளவு பயம் என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்; அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களுக்கு நடுவில் பழகத்தான் வைப்பார்கள்.

இன்னொன்று, அந்தக் கொய்யா இந்தத் தீவின் சொந்தக் காட்டை நெருக்கும் வந்தேறிச் செடி. எவ்வளவு பறித்தாலும் பாவமில்லை. விதையை வழியெல்லாம் துப்பாமல் இருந்தால் சரி.