எலி செல்லைப் பட்டினி போட்டால் டிபி கிருமி சாகிறதாமே, அப்போ டிபி நோயாளி விரதம் இருக்கலாமா?

வியாசர்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். டிபி மாத்திரை சாப்பிடும் அண்ணன் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆட்டோஃபேஜி (செல் தனக்குள் இருக்கும் கழிவையும் கிருமியையும் தானே தின்று செரிப்பது) நடக்கட்டும் என்று தினமும் 16 மணி நேரம் பட்டினி கிடக்கிறார் என்று. முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்க, காரணம் அப்புறம்.

நானும் தண்டையார்பேட்டைக்காரன்தான், எலி செல்களோடுதான் என் பிழைப்பு. வீடியோவில் சொன்ன ஆராய்ச்சி பொய்யில்லை. எலியின் மேக்ரோபேஜ் என்ற, கிருமியை விழுங்கும் செல்லில் ஆட்டோஃபேஜியைத் தூண்டினால் உள்ளே பதுங்கிய கிருமி குறைகிறது என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே பட்டினி என்பது, தட்டில் வளரும் செல்லுக்கு அமினோ அமிலமோ சீரமோ (ரத்தத்திலிருந்து எடுக்கும் ஊட்டத் திரவம்) இல்லாத உப்புக் கரைசலைக் கொடுப்பது, அவ்வளவுதான். சாப்பாட்டைத் தள்ளிப்போடும் மனுஷனுக்கும் அதற்கும் ரொம்ப தூரம்.

ஆட்டோஃபேஜியின்போது செல்லுக்குள் நடப்பது சுவாரசியமானது. ஏடிஜி12 புரதம் ஏடிஜி5 மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும், அந்த ஜோடி ஏடிஜி16எல்1-ஐப் பிடித்துக்கொள்ளும், மூன்றும் சேர்ந்துதான் எல்சி3 புரதத்தைக் கொழுப்போடு இணைத்து, சரக்கைச் சுற்றி வளைக்கும் சவ்வில் பதிக்கின்றன. பி62 என்று இன்னொரு புரதம், ஒரு பக்கம் 'இதை அழி' என்று அடையாளம் காட்டும் யுபிக்விட்டின் முத்திரை விழுந்த சரக்கையும் மறுபக்கம் எல்சி3-ஐயும் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் படித்தால் எதைத் தட்டினாலும் கிருமி செத்துவிடும் போலத்தான் தோன்றும். ஆனால் 2015-ல் ஒரு குழு எலிகளின் மேக்ரோபேஜ், நியூட்ரோபில் போன்ற வெள்ளை அணுக்களில் இந்தப் புரதங்களுக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, ஏடிஜி5 இல்லாத எலிகள் டிபியில் சீக்கிரம் செத்தன, அதனோடு ஒட்டியே இருக்கும் ஏடிஜி16எல்1 இல்லாதவை சாதாரண எலிகள் மாதிரியே தாக்குப்பிடித்தன! செத்த எலிகளின் நுரையீரலைக் கெடுத்ததில் நியூட்ரோபில்களுக்குப் பெரிய பங்கு. ஏடிஜி5-க்கு ஆட்டோஃபேஜிக்கு வெளியேயும் வேலை உண்டு என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இரண்டு புரதம் ஒட்டுகிறது என்பதை வைத்து உடம்பில் என்ன நடக்கும் என்று சொல்லிவிட முடியாது, எலியிலேயே இந்த லட்சணம் என்றால் உங்கள் அண்ணனிடம் எப்படிச் சோதிப்பது?

மனிதர்களிடம் தெரிந்தது நேரெதிர். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறிய டிபி நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் முட்டை, பருப்பு, காசிமேட்டு நெத்திலி, எது முடியுமோ அதை நேரத்துக்குக் கொடுங்க. மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருந்தால் அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து நன்றாக உறிஞ்சப்படுவதற்காக. அதை விரதமாக நீட்ட வேண்டாம், எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடலாம் என்று டிபி சென்டரில் கேட்டுக்கொள்ளுங்க.