விம்பிள்டனின் வாரிசு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1988இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையை வென்ற விம்பிள்டனும் இன்றைய ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் ஒரே கிளப் என்பதுபோல எழுதியிருந்தீர்கள். பழைய கிளப்பின் லீக் இடமும் ஆட்டக்காரர்களும் மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குத்தானே போயின? 2002இல் ரசிகர்கள் தொடங்கியது புது கிளப் இல்லையா? பாசத்துக்காக வரலாற்றை மாற்றி எழுதலாமா?

கே.

அன்புள்ள கே.,

சட்டப்படி பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு கிளப்பின் வாரிசு யார் என்பதைக் கம்பெனிப் பதிவேட்டை வைத்து முடிவுசெய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

1889இல் தெற்கு லண்டனின் விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில் ஆடத் தொடங்கிய அணி அது. பக்கத்து மதுக்கடைதான் உடைமாற்றும் அறை. 1912 முதல் பிளவ் லேன் மைதானம். 1977இல்தான் லீக்கில், அதாவது நாட்டின் மேல் நான்கு அடுக்குகளில், இடம் கிடைத்தது. ஒன்பதே வருடத்தில் அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷன். 1988இல் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியதை உலகமே பார்த்தது. சான்செஸ் தலையால் முட்டிய கோல், லிவர்பூலின் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியைப் பாய்ந்து தடுத்த கோல்கீப்பர் பீசன்ட். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் எதிலும் அதற்கு முன் யாரும் பெனால்டியைத் தடுத்ததில்லை.

சரிவு 1991இல் தொடங்கியது. பிளவ் லேனை விட்டுவிட்டு கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குக் குடித்தனம் போனார்கள். பழைய மைதானம் பின்னர் விற்கப்பட்டு இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக நிற்கிறது. 2000இல் உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கிலிருந்தும் இறங்கினார்கள். சொந்த மைதானம் இல்லை, கடன் மட்டும் ஏறியது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு அணியைக் கொண்டுபோக உரிமையாளர்கள் அனுமதி கேட்டார்கள். 2002 மே 28 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சம்மதித்தது. ரசிகர்கள் புது கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்ற பொருளில் ஒரு வரியும் அந்த அறிக்கையில் இருந்தது. இப்போது படித்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இந்த கிளப்பின் மிகப் பெரிய சாதனை என்பேன், 1988ஐ விடவும். ஒரே மாதத்தில், அதே விம்பிள்டன் காமனில், ஆட்டக்காரர்களுக்கான தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம். சுமார் 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டன் யுனைடெட் அணியுடன் முதல் நட்பு ஆட்டம். 0-4 என்று தோற்ற அந்த ஆட்டத்தைப் பார்க்க 4,657 பேர்! ஒன்பதாம் அடுக்கு லீக்கில் ஆடிய அந்தப் புது அணிக்கு வந்த சராசரிக் கூட்டம், அதே சீசனில் இரண்டாம் அடுக்கில் இருந்த பழைய கிளப்புக்கு வந்ததைவிட அதிகம். விம்பிள்டன் மக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்புறம் தொடர்ந்து 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஒன்பது சீசன்களில் ஐந்து முறை மேலேறி, 2011இல் லூட்டனை பெனால்டியில் வென்று மறுபடி லீக்குக்குள் வந்தார்கள். 2020இல், பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ரசிகர்கள் கடன்பத்திரம் வாங்கிக் கொடுத்த பணமும் சேர்ந்து புது பிளவ் லேன் எழுந்தது. கொரோனா காலம். டான்காஸ்டருடன் நடந்த முதல் ஆட்டம் 2-2. பணம் போட்ட ஒருவரும் உள்ளே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

வரலாற்றை மாற்றி எழுதலாமா என்றீர்கள். 2004க்கு முந்தைய விம்பிள்டன் வரலாற்றுக்கு உரிமை கோருவதை, அந்த வருடம் 'எம்.கே. டான்ஸ்' என்று பெயர் மாறிய மில்டன் கீன்ஸ் கிளப்பே கைவிட்டுவிட்டது. கோப்பையின் பிரதி உட்பட பழைய நினைவுப்பொருட்கள் 2007இல் விம்பிள்டன் அடங்கிய மெர்டன் நகர்மன்றத்திடம் போய்ச் சேர்ந்தன.

மில்டன் கீன்ஸில் அந்த அணியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களுக்கு அது சொந்த ஊர் அணி, நன்றாக ஆடட்டும். ஆனால் 'டான்ஸ்' என்பது, விம்பிள்டன் என்ற பெயரின் கடைசி 'டன்'னை வைத்து, அந்த அணிக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர். அதை மட்டும் அவர்கள் தங்கள் பெயரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.