போர்வைக்குள் எரியும் போன்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகளுக்கு 15 வயது, அடங்காதவள். கொரோனா நேரம் பாடத்துக்காகக் கடன்பட்டு வாங்கிய போன் இப்போது இராத்திரி ஒரு மணிக்கும் போர்வைக்குள் எரிகிறது. தான் கறுப்பு என்று அழுகிறாள், சாப்பாட்டைத் தள்ளுகிறாள். அமெரிக்காவில் இதற்கு வழக்குப் போடுகிறார்களாமே, நாங்களும் போடலாமா?

பதில்: அன்புத் தங்கச்சி, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2023 ஒக்டோபரில் 41 அமெரிக்க மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும், பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா மீது வழக்குப் போட்டன. பெற்றோரும் பள்ளி நிர்வாகங்களும் டிக்டொக், ஸ்னப்சட், யூடியூப் மீதும் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் போடும் பதிவுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் இவர்கள் செயலியைச் செய்த விதத்தையே பிடித்தார்கள். தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் வீடியோ, தானாக ஓடும் அடுத்தது, நடுச்சாமத்திலும் கூப்பிடும் அறிவித்தல் எல்லாம் பிள்ளை போனைக் கீழே வைக்காமல் இருப்பதற்கென்றே செய்தவை என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மறுக்கின்றன.

பாருங்கள், அந்த வழக்குகளில் யாரும் பிள்ளையை அடங்காதவள் என்று சொல்லவில்லை. நீங்களும் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கே கையை எடுக்க முடியாத சாமான் அது.

சரி, இங்கே இலங்கையில் வழக்கு? நமது 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் வரும் பொய்த் தகவல், துன்புறுத்தல் போன்ற பதிவுகளைப் பற்றியது. செயலியை ஏன் இப்படிச் செய்தாய் என்று அது கேட்காது. வெளிநாட்டுக் கம்பனியிடம் நட்டஈடு கேட்டு வருடக்கணக்காக அலைய நாட்சம்பளம் தாங்காது, இறங்க வேண்டாம். ஆனால் யாராவது அவள் படத்தைப் போட்டுக் கேலி செய்தாலோ மிரட்டினாலோ, அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு உடனே பேசுங்கள்.

அவள் சாப்பாட்டைத் தள்ளுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மனநலக் கிளினிக்கில் காட்டுங்கள். அதற்கு முன்பே பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது. போனைப் பிடுங்கி உடைத்துவிடாதீர்கள், பாடமும் அதில்தானே வருகிறது. இராத்திரி ஒன்பதானால் வீட்டில் உள்ள எல்லாப் போனும் அடுப்படித் தட்டுக்குப் போகட்டும், உங்களுடையதும்தான்.

அப்புறம், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன் அவள் தலையைப் பின்னிவிடுகிற நேரத்தில், உன்னைக் கறுப்பு என்று யார் சொன்னது என்று மெதுவாகக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.