காதில் வெந்தயம் ஒட்டினால் மாதவிடாய் வலி குறையுமா?

கேள்வி: நாங்கள் கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கப் போகிறேன். என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். மாதவிடாயின் முதல் நாள் அடிவயிறு இழுத்துப் பிடித்து, வாந்தி எடுத்து, கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறாள். பள்ளிக்குப் போக முடிவதில்லை. மாத்திரை போட்டால் பின்னால் குழந்தை நிற்காது என்று மாமியார் பயப்படுகிறார். ஊட்டியில் ஒருவர் காதில் விதை ஒட்டிச் சரிசெய்வதாகச் சொல்கிறார். ஒரு தடவைக்கு 400 ரூபாய். கூட்டிப் போகலாமா?

பதில்: காதில் அழுத்தம் கொடுப்பதை உங்கள் மகள் தாராளமாகச் செய்து பார்க்கலாம் அம்மா. 400 ரூபாய் வேண்டாம், ஊட்டிக்கும் போக வேண்டாம். ஆனால் அதை மட்டும் நம்பி மாத்திரையை ஒதுக்காதீர்கள். மகப்பேறு மருத்துவராக இதை உறுதியாகச் சொல்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அப்போது அந்தத் தசைக்குப் போகும் இரத்தமே குறைகிறது. அதுதான் வலி. அதே பொருள் குடலையும் கிளறிவிடுவதால் சிலருக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்துகொள்கின்றன. வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக் கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கும்போது இந்த வலி ஆரம்பிப்பதுதான் வழக்கம். மலைக் குளிரால் வந்தது என்றோ, பெண் செல்லம் கொஞ்சுகிறாள் என்றோ யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள்.

இப்போது காதுக்கு வருவோம். காதின் ஒவ்வொரு புள்ளியும் உடலின் ஒரு பகுதிக்கு உரியது என்று காட்டும் காது வரைபடம் 1950களில் பிரான்ஸின் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோஜியே போட்டது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு நாட்டு வைத்தியர் ஒருவரிடம் காதில் சூடு வைத்துக்கொண்டவர்கள் அவரிடம் வந்தார்கள். அந்தத் தழும்புகளைப் பார்த்துத்தான் அவர் யோசிக்கத் தொடங்கினார். வயிற்றுக்குள் தலைகீழாகக் கிடக்கும் குழந்தையைப் போல அவர் காதைப் பார்த்தார். தோடு போடும் மடல் தலை, மேல்பகுதி இடுப்பும் காலும். கர்ப்பப்பைக்கான புள்ளி காதின் மேலே இருப்பது இதனால்தான். சீனாவில் இதை எடுத்து விரிவாக்கினார்கள்.

பலன் உண்டா? தைவான், சீனா, ஈரான் நாடுகளில் கல்லூரி மாணவிகளிடம் செய்த ஆய்வுகள் சிலவற்றில் வலி குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை சிறியவை. காதில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தாலே பாதி நிம்மதி வந்துவிடும், அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஊசி குத்தும் அக்குபங்சர், புள்ளியை அழுத்தும் அக்குபிரஷர் இரண்டையும் மாதவிடாய் வலிக்காகச் சோதித்த 42 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2016இல் சேர்த்துப் பார்த்தது. பலன் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஆபத்து மிகக் குறைவு என்பதால்தான் நான் தடுப்பதில்லை.

செய்முறை எளிது. காதின் மேல்பகுதியில், வெளி மடிப்புக்கு உட்புறம், முக்கோணமாக ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அது ஒரு இடம். காதுத் துளைக்குக் கீழே, மடலுக்குச் சற்று மேலே, வளைந்த வெட்டுப் போல ஒன்று இருக்கும். அது இரண்டாவது. அங்கே விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாக வலிக்கும் புள்ளியில் ஒரு வெந்தயத்தை வைத்து மைக்ரோபோர் பிளாஸ்திரியின் சிறு துண்டால் ஒட்டுங்கள். மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கலாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் அழுத்தினால் போதும். இதமாகச் சூடேறுவது போல இருக்க வேண்டும், கண்ணில் நீர் வரக் கூடாது. விதை இல்லாமல் விரலாலேயே அழுத்தினாலும் தவறில்லை.

நம் ஊர்ப் பனிமூட்டத்தில் வெந்தயம் ஊறிப்போகும், அடியில் தோல் வெந்துவிடும். அதனால் தலைக்குக் குளித்தாலோ மழையில் நனைந்தாலோ எடுத்துவிட்டு, காது உலர்ந்தபின் புதிதாக ஒட்டுங்கள். மூன்று நாளுக்கு மேல் ஒரே காதில் வேண்டாம், அடுத்த காதுக்கு மாற்றுங்கள். அரிப்போ புண்ணோ வந்தால் நிறுத்திவிடுங்கள். ஊசி குத்த யாரையும் விடாதீர்கள். காதின் மேல்பகுதி குருத்தெலும்பு, அங்கே சீழ் பிடித்தால் ஆறுவது கஷ்டம். இதை வாசிக்கும் கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அப்புறம் மாத்திரை. உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது, அந்தக் கேள்வி வாரம் தவறாமல் என்னிடம் வருகிறது. மாதவிடாய் நாட்களில் இரண்டு மூன்று நாள் போடும் வலி மாத்திரையால் பின்னாளில் குழந்தைப்பேறு தடைபடாது. மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஆய்வுகளில் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைத்தால், இவற்றைச் சாப்பிட்டவர்களில் 45 முதல் 53 பேருக்குக் கிடைக்கிறது.

பலர் தவறவிடுவது நேரத்தைத்தான். பெண் சுருண்டு விழுந்தபின் மாத்திரை கொடுக்கிறார்கள். அதற்குள் சுரக்க வேண்டியது சுரந்துவிடும், வாந்தியில் மாத்திரையும் வெளியே வந்துவிடும். வலி லேசாகத் தொடங்கும்போதோ இரத்தம் பட்டவுடனோ, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. அளவை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெஃபனமிக் ஆசிட் மிக அரிதாகக் கடுமையான ஒவ்வாமையைத் தரலாம் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. மாத்திரை தொடங்கிய பிறகு காய்ச்சலோடு தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும். கூடவே வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். சூட்டுக்கு உண்மையிலேயே பலன் உண்டு.

சில அறிகுறிகளுக்கு வெந்தயத்தையும் நம்பக் கூடாது, மாத்திரையையும் நம்பக் கூடாது. மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போவது, மலம் கழிக்கும்போது குத்துவது, மாதவிடாய் முடிந்தபின்னும் வலி நீடிப்பது, மணிக்கொரு நாப்கின் நனைவது, இடையில் இரத்தம் படுவது, சரியாக மாத்திரை போட்டும் மூன்று மாதத்தில் தேறாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், கர்ப்பப்பை உள்சவ்வைப் போன்ற திசு வெளியே வளரும் நோய் அது. குழந்தைப்பேற்றைப் பாதிக்கக் கூடியது அதுதான், மாத்திரை அல்ல. இதை உங்கள் மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றாலும் அந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது; வலி தொடர்ந்தால் மறுபடியும் போய்க் கேளுங்கள்.

இந்த மாதத்திலிருந்தே காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். வலி எத்தனை மணிக்கு வந்தது, மாத்திரை எப்போது போட்டாள், எத்தனை நாப்கின் ஆனது என்று பக்கத்திலேயே அவளையே எழுதச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். அவளுடைய வகுப்பு ஆசிரியையிடமும் பேசி, பையில் மாத்திரை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிடுங்கள்.