'ரா' என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா இடத்திலும் 'பச்சை' என்றே சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். ரா மில்க் என்றால் காய்ச்சாத பச்சைப் பால். தோல் உரிந்து, காற்றுப் பட்டாலே எரிகிற புண்ணையும் ஆங்கிலத்தில் ரா என்பார்கள். நாமும் பச்சைப் புண் என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

அரிசியில்தான் கவனம் வேண்டும். நெல்லை ஊறவைத்து, அவித்து, களத்தில் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்து அரைத்தால் புழுங்கல். அவிக்காமல் அரைத்தால் பச்சரிசி. தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் ரா ரைஸ் என்று கேட்டால் இந்தப் பச்சரிசியைத்தான் தருவார்கள். இங்கிலாந்துக்காரருக்கோ சோறாக்காத எந்த அரிசியும் ரா. நம் புழுங்கலும் அதில் சேர்ந்துவிடும். வெளிநாட்டுச் சமையல் குறிப்பைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

அப்புறம், ரா மேங்கோ வெறும் மாங்காய், ரா மெட்டீரியல் மூலப்பொருள். வேலைக்குப் புதிதாக வந்த, பழக்கமில்லாத ஆளும் ரா. ஒருவருக்கு 'ரா டீல்' கிடைத்தது என்றால் அவரை அநியாயமாக நடத்திவிட்டார்கள் என்று பொருள். அங்கே பச்சை உதவாது.

மறுபக்கமும் உண்டு. நாம் சொல்கிற 'பச்சைப் பொய்'யை ரா போட்டு மொழிபெயர்க்காதீர்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'பேர்ஃபேஸ்டு லை' என்பார்கள்.