நோய் கண்ட பவளத் தொட்டியை மீட்பது: மலைவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

உதகை: பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியில், வெண்புள்ளி நோயில் ஆறு மீன்கள் இறந்தன. மிஞ்சிய இரண்டில் இப்போது புள்ளிகள் இல்லை. புதிய மீன்களை விடலாமா?

இப்போது விட வேண்டாம். கிரிப்டோகேரியான் என்னும் அந்த ஒட்டுண்ணி மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் உண்டு கொழுத்தபின் உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே பலவாகப் பிரிகிறது. வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாட்களில் மீனைச் சேராவிட்டால் மடியும். சில கூடுகள் பொரிக்க 72 நாட்கள் ஆனதாக ஆய்வுப் பதிவு இருப்பதால், இரண்டு மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை 76 நாட்கள் மீனின்றி வையுங்கள். தாமிரம் பெரிய தொட்டிக்குள் செல்லவே கூடாது. அது பாறையில் படிந்து தங்கும். பவளம், நத்தை, இறால் எதையும் விட்டுவைக்காது.

குன்னூர்: மலைக்குளிரே ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும், ஹீட்டரை நிறுத்தலாம் என்கிறார் நண்பர்.

குளிர் அதைக் கொல்வதில்லை, உறங்க வைக்கிறது. 12 டிகிரியில் மாதக்கணக்கில் உறங்கிய கூடுகள், நீர் 27 டிகிரிக்கு ஏறியதும் பொரித்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த 76 நாட்களும் நீர் 26, 27 டிகிரியில் இருக்க வேண்டும். பவளமும் அதைத்தான் விரும்பும்.

உதகை, மற்றொருவர்: அதை ஏற்க மாட்டேன். என் தொட்டி 20 டிகிரியில் இருந்தவரை புள்ளியே வரவில்லை.

ஐயா, உங்கள் அனுபவம் உண்மையே. ஆனால், குளிரில் ஒட்டுண்ணியின் சுழற்சி மந்தமாவதால் புள்ளி தெரியாதிருந்திருக்கலாம். வெயில் காலத்தில் நீர் சூடானதும் அது வெளிப்பட்டால் என்ன செய்வீர்கள்? மலையில் நாம் அஞ்ச வேண்டியது வேறொன்று. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருப்பதால், அதே சூட்டில் நீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. செவுள் புண்பட்ட மீனுக்கு இது பெருந்துன்பம். நீர்ப்பரப்பு எந்நேரமும் அலைந்துகொண்டிருக்கட்டும். மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை அவசியம் வாங்கி வையுங்கள்.

கொடைக்கானல்: பாறையெங்கும் ஐப்டேசியா என்னும் களைக் கடல் அனிமோன். கத்தியால் சுரண்டி எடுக்கலாமா?

சுரண்டினால் சிந்தும் துணுக்குகள் தனித்தனியே முளைக்கும். சுண்ணாம்புக் குழைவைச் சிரிஞ்சில் எடுத்து அதன் வாயில் விடுங்கள், ஒரு நாளைக்குச் சிலவற்றுக்கு மட்டும். ஒரேயடியாகச் செய்தால் நீரின் காரத்தன்மை எகிறும். சிறியவற்றைப் பெப்பர்மின்ட் இறால் தின்னும். அது தொட்டியில் இருக்கும்போது தாமிரத்தை நினைக்கவும் வேண்டாம்.

கோத்தகிரி: இறந்த பவளங்களுக்கு ஈடாக மண்டபம் கடற்கரையிலிருந்து பவளக்கல் எடுத்து வரலாமா?

கூடாது. பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் அங்கேயே வாழட்டும். செயற்கைப் பாறையை இட்டு, அதில் பாக்டீரியா குடியேறும்வரை காத்திருங்கள்.

குன்னூர்: தங்கமீனுக்கும் வெண்புள்ளி வந்துள்ளது.

அது நன்னீரில் வரும் வேறு ஒட்டுண்ணி. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

உதகை: 76 நாட்கள் அதிகம். 30 நாட்கள் போதாதா?

போதாது. காரணத்தை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.