முடிவு உண்மையாக இருக்கும்போது வாதம் மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

நீங்கள் கொடுத்த உதாரணம் இது: எல்லாத் திமிங்கலங்களும் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் கடலில் வாழ்பவை. எனவே சில திமிங்கலங்கள் கடலில் வாழ்பவை. மூன்று வரியும் உண்மைதான், அப்புறம் ஏன் இதைச் செல்லாது என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் படிக்கும்போது இந்த இடத்தில்தான் மார்க்கை விட்டேன். முடிவைப் படிப்பேன், சரியாக இருக்கிறதே என்று டிக் அடிப்பேன். அளவையியலில் (தர்க்கத்தில்) கேள்வியே வேறு. முடிவு உண்மையா என்பது அதற்கு அக்கறையில்லை. முதல் இரண்டு கூற்றுகள் உண்மை என்றால் மூன்றாவது உண்மையாகியே தீர வேண்டுமா, அதை மட்டும்தான் பார்க்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி, வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுவது. 'கடலில் வாழ்பவை' என்பதை எடுத்துவிட்டு 'பறப்பவை' என்று போடுங்கள். எல்லாத் திமிங்கலங்களும் பாலூட்டிகள். சில பாலூட்டிகள் பறப்பவை (வௌவால் இருக்கிறதே). எனவே சில திமிங்கலங்கள் பறப்பவை. முன் இரண்டும் உண்மை, முடிவு அபத்தம். ஒரே எலும்புக்கூடு இங்கே ஏமாற்றுகிறது என்றால், அங்கே உண்மை வந்தது தற்செயல்.

இப்போது இதைப் பாருங்கள்: எல்லா மீன்களும் பறப்பவை. எல்லாத் திமிங்கலங்களும் மீன்கள். எனவே எல்லாத் திமிங்கலங்களும் பறப்பவை. இங்கேயும் திமிங்கலம் பறக்கிறது, ஆனால் இந்த வாதம் செல்லும்! தப்பு கூற்றுகளில் இருக்கிறது, கோர்த்த விதத்தில் இல்லை.

உங்கள் உதாரணத்தில் கோளாறு நடுப்பதத்தில், அதாவது 'பாலூட்டிகள்' என்ற சொல்லில். இரண்டு கூற்றுகளிலும் வந்து திமிங்கலத்தையும் கடலையும் இணைக்க வேண்டிய சொல் அது. ஆனால் முதல் கூற்று பாலூட்டிகளில் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது, இரண்டாவதும் ஒரு பகுதியைத்தான். இரண்டும் ஒரே பகுதி என்று யார் சொன்னது? நடுப்பதம் ஒரு முறையாவது முழுத் தொகுதியையும் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது இதனால்தான். மற்ற விதிகளும் (இரண்டு எதிர்மறைக் கூற்றுகளிலிருந்து எதுவும் வராது போன்றவை) இதே மாதிரி காரணம் உள்ளவைதான். மனப்பாடம் செய்வதைவிட வரைந்து பார்ப்பது மேல்.

ஜான் வென் 1880இல் முன்வைத்த வட்டங்களைத்தான் சொல்கிறேன். ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள். 'எல்லா' கூற்றை முதலில் போடுங்கள்: திமிங்கல வட்டத்தில் பாலூட்டி வட்டத்துக்கு வெளியே இருக்கும் பகுதி காலி, அதை நிழலிட்டு விடலாம். பிறகு 'சில' கூற்றுக்கு, பாலூட்டியும் கடலும் சேரும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஆனால் அந்த இடத்தைத் திமிங்கல வட்டத்தின் கோடு இரண்டாகப் பிரிக்கிறது. குறி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல வழியில்லை. கோட்டின் மேலேயே நிற்கிறது, முடிவு கிடைக்கவில்லை.

நான்கு வகைக் கூற்றுகள் (எல்லாம் ஆம், எதுவும் இல்லை, சில ஆம், சில இல்லை), நடுப்பதம் நிற்கக்கூடிய நான்கு அமைப்புகள். வாதத்தின் மூன்று வரிகளில் ஒவ்வொன்றும் எந்த வகையாகவும் இருக்கலாம் என்பதால், எல்லாவற்றையும் கலந்தால் மொத்தம் 4 × 4 × 4 × 4 = 256 வடிவங்கள். அதில் செல்லுபவை எத்தனை என்று தேடினால் சில இடங்களில் 24, சில இடங்களில் 15 என்று இருக்கும். இரண்டும் சரிதான். 'எல்லா டிராகன்களும் நெருப்பு உமிழ்பவை, எல்லா டிராகன்களும் பறப்பவை' என்பதிலிருந்து 'பறப்பவற்றில் சில நெருப்பு உமிழ்பவை' என்று சொல்லலாமா? அரிஸ்டாட்டில் வழி மரபில் சொல்லலாம். பேசும் தொகுதியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூலுக்குப் பிறகு வந்த நவீன அளவையியலில் 'எல்லா' என்பது எதுவும் இருப்பதாக உறுதி தராது. 'சில' மட்டும்தான் குறைந்தது ஒன்றாவது உண்டு என்கிறது. டிராகனே இல்லாதபோது அந்த 'சில' எங்கிருந்து வரும்? 24க்கும் 15க்கும் நடுவே விழும் 9 வடிவங்களும் இந்த ரகம்தான். அதனால் இரண்டு 'எல்லா' கூற்றுகளிலிருந்து 'சில' என்று முடியும் கேள்வி வந்தால், உங்கள் பாடப்புத்தகம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொண்டு விடை எழுதுங்கள்.